தேசிக்காயும் பைபிளும்

“நெடுந்தீவிலை நீர் ஒரு கிழமையும் நிக்கமாட்டீர்,” என்று மேலதிகாரி சிரித்தார். கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகப் பதிவேட்டில் கையெழுத்திட மறுத்ததற்காக என்னை அங்கே மாற்றியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்துத் தாதியானவள் நான்; அழாமல் படகேறினேன். ஆனாலும் வேலையையே விட்டுவிடலாமா என்ற யோசனை போகவில்லை.

படகில் என் பக்கத்தில், ஒல்லியான தோளில் ஈரத் துவாயோடு ஒரு மீனவப் பெண். கடற்தொழில் குடும்பமாம், ஆனால் கடல் ஒத்துக்கொள்ளாது. குமட்டலுக்குப் புளிப்பு மணக்கும் தேசிக்காயை முகர்ந்து முகர்ந்து பைபிள் வாசித்தார். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன்.

“இந்தப் பைபிளிலை வாற பவுலும் உண்மை பேசித்தானே கைதியானவர்,” என்றார். “கொண்டுபோன கப்பல் உடைஞ்சு ஒரு தீவிலைதான் கரை ஏறினவர். அங்கை வருத்தக்காரரைச் சுகமாக்க ஆண்டவருக்கு அவர் தேவைப்பட்டிருக்கு.”

“அது பவுல், அக்கா. நான் வெறும் ஆஸ்பத்திரி மிஸ்ஸி.”

“ஓம், அதுதான் உமக்கு உடையாத படகு தந்திருக்கிறார். எனக்கு இந்த ஆட்டமே ஏலாது.” மறுபடி தேசிக்காய் மூக்குக்குப் போனது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்குதுறையில் அவர் கூட்டத்தோடு மறைந்தார், பெயர்கூடக் கேட்கவில்லை. அத்தனை இருக்கைகளில் என் பக்கத்தில் அவரை இருத்தியது யார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

தீவில் அறை எடுத்துவிட்டேன். என் சைக்கிளை அடுத்த படகில் ஏற்றிவிடும்படி அப்பாவிடம் சொல்லியும் விட்டேன்.