ஏழாம் பலகை

புளியங்குளச் சந்தியில் நான் தங்கித் திரிந்த தேத்தண்ணிக் கடைக்குக் கதவு இல்லை. வாசலின் மேலும் கீழும் மரத்தில் காடி வெட்டியிருக்கும். பூட்டும்போது பலகைகளை ஒவ்வொன்றாக அதற்குள் செருகி நெருக்கித் தள்ளிவிடுவார்கள். ஒரு பலகை தன் இடத்தைத் தவிர வேறெங்கும் பொருந்தாது என்பதால், முதலாளி ஒவ்வொன்றின் தலையிலும் ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் வெட்டி வைத்திருந்தார். பகலில் அவை சுவரோடு வரிசையாகச் சாய்ந்து நிற்கும். தார் பூசிய கறுப்புப் பலகைகள். மாசி முடிவில், களங்களில் நெற்கதிர்ச் சூடு மிதித்து நெல்லை ஏற்றிய பிறகு வொலிபோல் தொடங்கும். அதற்கு முன்னால் அந்தப் பலகைகளில் வெண்கட்டியால் குழுக்களின் பெயர்களை எழுதுகிறவன் நான். எது முதலாவது, எது ஏழாவது என்று முடிவு செய்கிறவனும் நான்தான்.

யாரும் என்னை அந்த வேலைக்கு வைக்கவில்லை. வடமராட்சியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனையிறவில் உப்பு வாரினேன். தெருவுக்குத் தார் ஊற்றினேன். ஓர் அரிசி ஆலையில் உமி அள்ளினேன். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் காலூன்றவில்லை. கடைசியில் ஒரு பழைய சைக்கிளும், காற்றடிக்கும் பம்பும், ஒட்டுப் போடும் பெட்டியும் மிஞ்சின. அவற்றோடு வன்னியைச் சுற்றினேன். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறவனிடம்தான் பந்தும் வரும். அந்தக் காலத்துப் பந்து தோலால் தைத்தது. உள்ளே றப்பர்ப் பை, வாயில் நாடா. மழைக்காலம் முழுவதும் வீட்டுக் கூரை வளையில் தொங்கி, எலி கடித்தோ வெடித்தோ போயிருக்கும். நான் நாடாவை அவிழ்த்து, பையை வெளியே எடுத்து, ரியூப் துண்டு வெட்டி ஒட்டி, காற்றடித்துக் கொடுப்பேன். ஒட்டுக் காய்ந்ததா என்று பார்க்கும் சாக்கில் பின்னேரம் வரை இருந்து ஆட்டத்தையும் பார்ப்பேன். ஒரு குழு மற்றக் குழுவைக் காண்பதற்கு முன்பே ஏழு குழுக்களையும் கண்டவன் வன்னியில் நான் ஒருவன்தான்.

முதல் வருடம் பகிடிக்கு, விளையாட்டாகத்தான் எழுதினேன். கடையில் இரண்டு பேர் ஓமந்தையா விசுவமடுவா திறம் என்று சண்டை பிடித்தார்கள். நான் வெண்கட்டியை எடுத்தேன். அந்த வருடம் நான் எழுதிய வரிசையில் இரண்டு பெயர்தான் இடம் பிழைத்தது, மற்றதெல்லாம் சரிவந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் தேநீர் கேட்பதற்கு முன் பலகையைப் பார்த்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிற என் எழுத்தை மற்றவர்கள் நின்று வாசித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் பார்த்த விதம் வேறு. வெற்றி தோல்வியைப் பார்ப்பதில்லை. பந்து பற்றைக்குள் போனால் யார் எடுக்கப் போகிறார்கள் என்று பார்ப்பேன். தினமும் ஒருவனே போனால் அந்தக் குழுவில் ஒற்றுமை இல்லை. பந்தின் தோலைப் பார்ப்பேன். உயரத் துள்ளி அறைகிற குழுவின் பந்தில் தையல் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். முல்லைத்தீவுக் கரையில் பந்து உப்பு ஊறிக் கல்லுப்போல இருக்கும். அதை அறைந்து பழகிய கை வேறு எந்தப் பந்தையும் கிழித்துவிடும். மணலில் துள்ளிய கால் இறுகிய களத்தில் பறக்கும். கரையில் மீன்பிடிக்கிற அந்தப் பொடியன்கள் பந்தைப் போடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

"எங்களை ரெண்டாவதாப் போட்டியோ, உனக்கு இனி மீன்தலையும் இல்லை" என்றான் அவர்களில் ஒருவன்.

"மீனுக்காக முதலாவது போட்டன் எண்டு சனம் சொல்லும்."

"சொல்லட்டன். திண்டிட்டுக் கேள்."

நான் சொல்ல வந்த வருடம், வவுனியாவில் இருந்து, வேலைகளை மேற்பார்க்கிற ஓர் ஓவசியர் சந்திக்கு வரத் தொடங்கினார். அவர் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோருக்குச் சொந்தமாக ஒரு குழு இருந்தது. நன்றாக விளையாடுகிறவனைக் கூப்பிட்டுப் பார்த்து, பிடித்தால் மாதச் சம்பளத்தில் வேலைக்கு எடுப்பார்கள். ஊர் ஊராக அலைய ஓவசியருக்கு நேரமில்லை. "உன்ர முதல் நாலு பலகையிலை உள்ளவைக்குத்தான் கடிதம் போடுவன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் எழுதுவது பகிடியாக இருக்கவில்லை. அதை நான் உணர்ந்தேனா என்று கேட்டால், உணர்ந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உணர்ந்தேன்.

என் சுற்று நாலு நாள். ஓமந்தை ஒரு நாள், முல்லைத்தீவுக் கரை ஒரு நாள், விசுவமடு ஒரு நாள், மற்ற மூன்று குழுக்களும் வழியிலேயே. நாலாம் நாள் காட்டுப் பாதையால் மூன்றாம் வாய்க்கால் என்ற குடியேற்றத்துக்கு வந்து, இருட்டுவதற்கு முன் சந்திக்குப் போய்விடுவேன். மூன்றாம் வாய்க்கால் சந்தியிலிருந்து பத்துக் கட்டை, அதாவது பத்து மைல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்கள் இருந்தார்கள். குளத்துத் தண்ணீர் முதல் இரண்டு வாய்க்காலோடு முடிந்துவிடும். அங்கே ஒருவன் இருக்கிறான், அவன் அறைந்தால் பந்து நிலத்தில் குழி விழுத்தும் என்று மற்ற ஊர்களில் சொன்னார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும்.

முதல் முறை போனபோது அவன் ஆடவில்லை. ஆட்டத்துக்கு நெற் வலை கட்டிய கம்பத்தடியில், வெயிலில், சாக்கைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தான். தலை மட்டும் தெரிந்தது. பல் அடிபடுவது எனக்குக் கேட்டது. மற்றவர்கள் அவன் இல்லாமல் மந்தமாக ஆடினார்கள்.

"உவனுக்கு என்ன?" என்றேன்.

"இண்டைக்கு அவன்ர குளிர் நாள், அண்ணை. நாளைக்கு வாங்கோ, பாப்பியள்."

"குளிரோ? இந்த வெயிலுக்கையோ?"

"ஒருநாள் விட்டொருநாள் உப்பிடித்தான். டிஸ்பென்சரியிலை தண்ணி மருந்து குடுத்தவை."

நான் சிரித்தேன். மலேரியா போய்விட்டது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிக்க வந்தவர்கள் வராமல் விட்டுச் சில காலம் ஆகியிருந்தது. சுவரில் அவர்கள் எழுதிவைத்த இலக்கங்கள் மட்டும் இருந்தன. அந்த நோயின் பெயரை யாரும் வாயில் எடுக்கவில்லை. கசிப்புச் சாராயம் அடித்துவிட்டு இருக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

நாலு நாள் கழித்துப் போனேன். அதே கம்பம், அதே சாக்கு. இன்னும் நாலு நாள் கழித்தும் அப்படித்தான். மூன்று தரமும் ஒருவர் மாறி ஒருவர் "நாளைக்கு வாங்கோ" என்றார்கள். மூன்றாம் தரம் அவனே தலையை நிமிர்த்தி ஏதோ சொல்லப் பார்த்தான். நடுக்கத்தில் சொல் வரவில்லை. நாளைக்கு எனக்கு ஓமந்தையில் வேலை இருந்தது. மூன்றாம் வாய்க்காலிலேயே ஓர் இரவு தங்கியிருக்கலாம். எனக்காகக் காத்திருக்க எந்த இடத்திலும் யாரும் இல்லை. ஆனாலும் போய்விட்டேன்.

சந்திக்கு வந்து அன்று பின்னேரமே பலகைகளை எழுதினேன். முல்லைத்தீவுக் கரை முதலாவது. ஏழாவதில், ஓரத்தில் நிற்கும் ஒடுங்கல் பலகையில், மூன்றாம் வாய்க்கால்.

மறுநாள் காலை ஒட்டுக்கு ஆள் வந்ததால் ஓமந்தைக்குப் புறப்படச் சுணங்கிவிட்டது. பத்து மணியளவில் அவன் சைக்கிளில் வந்து இறங்கினான். நெல் ஏற்றிய லொறிக்காரன் ஒருவன் பலகையைப் பார்த்துவிட்டு அதிகாலையில் ஊரில் சொல்லியிருக்கிறான். பத்துக் கட்டையும் மிதித்து வந்தவன் மூச்சுக்கூட வாங்கவில்லை. முகம் கழுவி, வெள்ளைச் சேட் போட்டிருந்தான். கையில் நான் ஒட்டுப் போட்ட பந்து.

"அண்ணை, இண்டைக்குப் பாருங்கோ. இண்டைக்கு நான் சுகம்."

"என்னத்தைப் பாக்கிறது? நெற்றும் இல்லை, ஆக்களும் இல்லை."

"எறிஞ்சு விடுங்கோ. ஒருக்கா."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "எறிஞ்சு விடன் பாப்பம்" என்றார் முதலாளி. நான் தெருவோரத்தில் நின்று பந்தை மேலே எறிந்தேன். அவன் மூன்று எட்டு ஓடி எழும்பினான். அப்படி ஒருவன் எழும்பியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகும் காணவில்லை. நெஞ்சு, சுவரில் சாய்ந்திருந்த பலகைகளின் தலைக்கு மேலே வந்தது. பந்து தெருவுக்கு அந்தப்பக்கம் பாலை மரத்தின் அடியில் பட்டு, கடைக்குள்ளேயே திரும்பி வந்து ஒரு கிளாஸை உடைத்தது. 

அவன் என்னருகில் வந்தான். "நாளைக்கு ஓவசியர் வாறாராம். அதுக்குள்ளை மாத்தி எழுதுங்கோ, அண்ணை. நாலாவதாப் போட்டாக் காணும். எங்கடை வாய்க்காலிலை இனித் தண்ணி வராது. எனக்கு உந்த வேலை வேணும்."

வெண்கட்டி என் சேட் பையில் இருந்தது. இருந்தது மறந்துபோகவில்லை. ஆனால் பின்னால் ஒருவன், "சைக்கிள் உழக்கி வந்து கேட்டா இடம் மாறுமோ? அப்ப நாளைக்கு எல்லாரும் வரிசையிலை நிப்பாங்கள்" என்றான். சிரிப்பு எழும்பியது. என் முகம் சுட்டது.

"மூண்டு தரம் வந்து பாத்திட்டுத்தான் எழுதினனான்" என்றேன். "ஒருநாள் ஆட்டத்துக்கு மாத்தேலாது. அடுத்த வருசம் பாப்பம்."

அவன் கோபப்படவில்லை. பந்தை எடுத்துத் தூசி தட்டினான். உடைந்த கிளாஸைப் பொறுக்கி முதலாளியிடம் கொடுத்தான். பிறகு பலகைகளை ஒன்றிலிருந்து ஏழு வரை நின்று வாசித்தான். போய்விட்டான்.

ஓவசியர் வந்தார், நாலு பலகையையும் குறித்துக்கொண்டு போனார். கரையிலிருந்து ஒருவனுக்கும் விசுவமடுவில் ஒருவனுக்கும் வேலை கிடைத்தது. மூன்றாம் வாய்க்காலான் ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுக்குள் மரம் வெட்டப் போனான் என்று கேள்விப்பட்டேன்.

அவன் செத்த செய்தியைச் சொன்னவன் மரம் ஏற்றும் லொறிக்காரன். தேநீரை ஊதிக்கொண்டே சொன்னான்.

"மரம் சாயுது எண்டு கத்தினவை. எல்லாரும் ஓடினவை. அவன் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தவனாம்."

"ஓடேல்லையோ?"

"எழும்பவே இல்லையாம்."

அன்று முழுவதும் நான் விரல் மடித்துக்கொண்டிருந்தேன். அவன் சந்திக்கு வந்ததற்கும் மரம் சாய்ந்ததற்கும் இடையில் இருபத்துமூன்று நாள். சுகமாயிருந்த நாளிலிருந்து ஒற்றைப்படையில் நாள் எண்ணினால் குளிர் நாளில்தான் வந்து நிற்கும். காய்ச்சல் அவ்வளவு காலம் தவறாமல் முறை வைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் படுக்கும்போது எண்ணுகிறேன். ஒவ்வொரு முறையும் அங்கேதான் வருகிறது.

அந்த மழைக்காலத்தில் எனக்கும் வந்தது. முல்லைத்தீவுக் கரையில், பட்டப்பகலில், கையில் பிடித்த பம்பு நடுங்கியது. மீன்தலை தரமாட்டேன் என்றவன்தான் பழைய பாய்மரச் சீலையால் என்னைச் சுற்றிக் கட்டிப் படகு நிழலில் போட்டான். என் பல் அடிபடும் சத்தம் எனக்கே வேறு ஆளின் சத்தம்போலக் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் முன்பு கேட்டிருந்தேன். மறுநாள் எழும்பினேன். உடம்பில் நோவும் இல்லை, சூடும் இல்லை. கால்கள் தாமாகவே நடந்தன. ஒரு வீட்டைத் தாண்டிக் குதிக்கலாம் போலிருந்தது. "உவனுக்கு நேற்று வருத்தமோ? நடிச்சவன்" என்று கரையில் ஒருவன் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் காய்ச்சல் வன்னி முழுவதும் பரவி, வாயில் எடுக்காத பெயரை எல்லோரும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கசக்கிற வில்லை கொடுத்தார்கள். எனக்குக் காய்ச்சல் மாறியது.

மாசியில் மூன்றாம் வாய்க்காலுக்குப் போனேன். களத்தில் ஆட்டம் இல்லை. அவனுடைய தாய் பந்தைக் கொண்டுவந்து தந்தா. வளையில் தொங்கியதில் எலி கடித்திருந்தது. தம்பிமார் விளையாடக் கேட்கினம், ஒட்டித் தாங்கோ என்றா. நான் முற்றத்தில் இருந்து நாடாவை அவிழ்த்தேன். என் பழைய ஒட்டு அப்படியே பிடித்திருந்தது. அதன் பக்கத்தில் புது ஓட்டை.

"நீங்களோ தம்பி, சந்தியிலை பலகை எழுதுறது?"

"ஓம்."

அவா அவிழ்த்த நாடாவை எடுத்து விரலில் சுற்றினா. பிறகு சொன்னா: "அவன் உங்களைக் குறை சொல்லேல்லை. அண்ணை நாள் மாறி வந்திட்டார் எண்டுதான் சொன்னவன்."

அன்று நான் அங்கே தங்கினேன். மறுநாளும் தங்கினேன். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சந்திக்குத் திரும்பியபோது முதலாளி ஈரத்துணியால் பலகைகளைத் துடைத்து வெயிலில் சாய்த்திருந்தார். "ஆள் பாத்துக்கொண்டு நிக்குது, எழுது" என்றார். ஆறு பலகை எழுதினேன். ஏழாவதுக்கு வந்தபோது அது காய்ந்திருந்தது. வெண்கட்டி எழுத்து ஈரத்தில் மறையும். காய்ந்தால் திரும்ப வரும். போன வருடம் எழுதியது மங்கலாக, ஆனால் வாசிக்கக்கூடியதாக நின்றது. துணியை வாங்கி அழுத்தித் துடைத்தேன். கறுப்பாயிற்று. வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரங்களிலிருந்து காயத் தொடங்கியது.

"உதுக்கு மேலாலை எழுதிவிடன்" என்றார் முதலாளி.

வெண்கட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அந்த ஏழாவது பெயரை யார் எழுதினார்கள், எந்தக் குழுவை எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தச் சந்தியைக் கடக்க வேண்டி வந்தால், கடை திறந்து பலகைகள் வெளியே நிற்கிற நேரத்தில் கடப்பதில்லை, இருட்டிய பிறகுதான் கடப்பேன்.