ஒரே நாளில் அழிந்த அழுகை

ஐயப்பன்தாங்கலில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். கணவர் தேய்ப்பார். மனைவி வீடு வீடாகத் துணி எடுத்துப்போய், தேய்த்ததும் கொண்டுவந்து கொடுப்பார். நான் ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை, மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது தொழில், அதையும் வீட்டிலிருந்தே செய்கிறேன். சில வாரங்களில் நான் முகம் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அந்த இஸ்திரி அக்காதான்.

ஒருநாள் துணி மூட்டையை வைத்துவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"யம்மா, யாரும் பாக்க முடியாத மாரி போன்ல பேசறதுக்கு இன்னாவோ கீதாமே? பக்கத்து வூட்டு போன்ல பேசசொல்ல பொண்ணு சொல்லிச்சி. எனக்கு அத்த போட்டுக் குடேன்."

அவருடைய மகள் தானே ஒரு பையனைத் தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டு சூரத்துக்குப் போய்விட்டாள். இரண்டு வருடமாக அவள் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. சாயந்தரம் வண்டியை மூடியதும் மனைவியின் போனை வாங்கி, யாரோடு பேசினாள் என்று பார்த்துவிடுவார். இப்போது மகளுக்கு நிறைமாதம்.

அக்காவின் போனில் செயலியை இறக்கினேன். ஆறு இலக்க எண் வந்தது. படியுங்கள் என்றேன். அக்கா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நம்பர் வந்தா யாராண்டயும் சொல்லக் கூடாதுனு பேங்க்ல சொல்லிகீறாங்க."

"நான்தானே அக்கா கேட்கிறேன்!"

"கேக்கறவங்க அப்டித்தான் சொல்வாங்களாம்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடைசியில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன், அவரே ஆறு எண்களையும் அழுத்தினார். அவருக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். அதனால் தாயும் மகளும் குரலையே பதிந்து அனுப்பிக்கொள்வது என்று முடிவாயிற்று.

"நீங்க பேசறது உங்க பொண்ணு காதுக்கு மட்டும்தான் போகும். நடுவுல யாராலயும் கேட்க முடியாது."

"காதுல குசுகுசுனு சொல்ற மாரியா?"

"அதேதான்."

அதோடு விட்டேனா? என் தொழில் புத்தி விடவில்லை. தனிப் பூட்டு போட்டேன். அறிவிப்பு வராமல் செய்தேன். கேட்ட ஒரு நாளில் செய்தி தானாகவே அழிந்துபோகும்படியும் வைத்தேன். இதை அவரிடம் சொன்னேனா என்றால், சொன்னேன்: "டிஸப்பியரிங் ஆன் பண்ணியாச்சு." தலையாட்டினார். அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்கா பூ வைத்துக்கொண்டு வந்தார்.

"பொம்பளப் புள்ள பொறந்துகீது! மொத மொத அழுதத அனுப்பிச்சி. புதன்கெழம பஸ் டிப்போவாண்ட நின்னு கேட்டேன், ஒரே ஹாரன் சத்தம். இங்க அமைதியா கேக்கலாம்னு வெச்சுகினு கீறேன்."

திறந்தோம். ஒன்றுமில்லை. அக்கா திரையை விரலால் மேலும் கீழும் தள்ளினார்.

"அழுதுச்சேம்மா. எங்க போச்சி?"

மகளிடம் கேட்டோம், அவள் போனிலும் அது அழிந்திருந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள், பூட்டுக்கும் அது பொருந்தும். நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வுடும்மா, நாளைக்கும் அழும்" என்றார். அந்த முதல் அழுகை இனி வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அழிக்கும் ஏற்பாட்டை நிறுத்தப் போனேன். அக்கா தடுத்தார். அவர் போனில் தங்கினால் ஆபத்து. என் போனுக்கும் வரட்டும், நான் பத்திரமாக வைத்திருந்தால் போதும் என்றார். அதன்பின் மகள் அனுப்பியதெல்லாம் எனக்கும் வந்தது. ஞாயிறு பத்து மணிக்கு அக்கா வருவார். நாற்காலியில் உட்காராமல் தரையில் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று எனக்குச் சொல்லித் தருவார். வாரம் முழுக்க நான் அந்தப் பத்து மணிக்காகக் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எட்டு ஞாயிறு போயிற்று. ஒன்பதாம் ஞாயிறு அவர் வரவில்லை. இறங்கிப் போனேன். வண்டியருகே குழந்தை அழும் சத்தம். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கணவர் போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார்.

"தூக்கத்துல பேத்தி பேத்தினு ஒளறிட்டேனாம்," என்றார் அக்கா. "காலையில கேட்டாரு. மறைக்க முடில. ஒரு தபா போட்டுக் காட்டுனேன், அவ்ளோதான்."

"இன்னா தொண்ட பாரும்மா!" என்றார் கணவர். "எனக்கும் அத்த போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். எண் வந்தபோது அவரும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அழிக்கும் ஏற்பாட்டை அங்கே நான் தொடவில்லை.

இனி மகள் எனக்கு அனுப்ப வேண்டிய அவசியமில்லை, அனுப்பவும் இல்லை. நல்லதுதான். நல்லதுதான் என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தேன், பதினொன்றுக்கு மூடினேன். என் போனில் எட்டு அழுகைகள் இருக்கின்றன. யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை, நான் வைத்திருக்க நியாயமில்லை. தரையில் உட்கார்ந்து ஒன்றைப் போட்டேன். பசி அழுகை.