கோழிக்கொண்டையைப் பிடுங்கிய பாஷா சாயபு

சகீனாவுக்குத் தன் புருஷன் மேல் சந்தேகம் விழுந்தது கோழிக்கொண்டைச் செடியால்தான். அதற்கு முன்னால் விழுந்ததே இல்லையா என்று கேட்டால், விழுந்திருக்கலாம். ஆனால் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை தோல் ஷாப்பிலேயே கிடக்கிற மனுஷனைச் சந்தேகப்பட ஒரு பெண்பிள்ளைக்கு நேரம் ஏது? அவர் வேலையை விட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் அதற்கெல்லாம் வசதிப்பட்டது.

அமீர் பாஷா ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர். சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் கழித்து, ஆவாரம்பட்டைத் தொட்டியில் கிடந்து எழுந்து வருகிற தோலெல்லாம் அவர் மேற்பார்வையில்தான் வரும். அந்த வேலையில் முப்பத்து மூன்றாம் வருஷம் முட்டிவலி முற்றிப்போய், முதலாளி ஒரு சால்வையைப் போர்த்தி அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஒரே மகளைத் திருப்பத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. இனி சகீனாவும் அவரும்தான் வீடு.

புறக்கடைத் தோட்டம் அதுவரைக்கும் சகீனாவின் ராஜ்ஜியம். சமையற்கட்டு வாசலிலிருந்து கிணற்றடி வரை கோழிக்கொண்டை, காசித்தும்பை, கனகாம்பரம், பட்டுரோஜா என்று கண்ணைப் பறிக்கிற நிறமாகப் பார்த்துப் போட்டிருந்தாள். பாஷா அந்தப் பக்கம் கால் கழுவ மட்டும் வருவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு போய், கிணற்றோரம் நன்றாகப் பூத்து நின்ற கோழிக்கொண்டையை வரிசையாகப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

"இன்னாங்க இது? பூத்த செடிய யாராச்சும் புடுங்குவாங்களா?"

"பாக்கத்தான் பூ. வாசனை இருக்குதா அதுல? மரிக்கொழுந்து வெக்கப்போறேன்."

சகீனாவுக்குப் பூ போன வருத்தம் மட்டுமல்ல அது. போன ரம்ஜானிலிருந்து அவள் கண்ணில் புகை மூட்டம். முதலில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது. பிறகு ஆளின் முகம் கலைந்தது. இப்போது பகலிலும் எல்லாம் பால் கலந்த தண்ணீராகத்தான் இருந்தது. அந்தக் கோழிக்கொண்டையின் சிவப்பு மட்டும்தான் தூரத்திலிருந்து மங்கலாகத் தெரியும். அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். இது யாருக்கும் தெரியாது, தெரியவும் விடவில்லை. அரிசியில் கல் பொறுக்கும் வேலையை, இடுப்பு வலி என்று சொல்லி வேலைக்காரி ரங்கம்மாளிடம் தள்ளினாள். உப்பை விரலால் அளந்தாள். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் மட்டும் எங்கிருந்தாவது ஒரு கோபத்தை வரவழைத்துக்கொண்டு, "பிறகு பார்க்கலாம்" என்று எழுந்து போய்விடுவாள்.

மறைக்கக் காரணம் இருந்தது. வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய அக்கா ஹலீமா பீக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது, அக்கா புருஷன் அழுதார், தொழுதார், மூன்றாம் மாசம் இன்னொருத்தியை நிக்காஹ் பண்ணிக்கொண்டார். கேட்டவர்களிடமெல்லாம் "ஹலீமாவுக்கு ஒத்தாசைக்கு" என்றார். ஒத்தாசைக்கு வந்தவள் சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஹலீமா பீ சாகிற வரை பின்கட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்தவள் சகீனா. ஒத்தாசை என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு கூசும்.

மரிக்கொழுந்து வந்தது. அதன் பின்னால் மற்றவையும் வந்தன. சமையற்கட்டுப் படியோரம் புதினா, துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே திருநீற்றுப்பச்சை என்கிற சப்ஜா, தண்ணீர்த் தொட்டி ஓரம் முல்லை. பாஷா ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து வைத்தார். "இது இங்கதான், அது அங்கதான், ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். இவ்வளவு வாசனைப் பிரியம் இந்த வயசில் எங்கிருந்து வந்தது என்று சகீனா யோசித்தாள். வாசனைப் பிரியம் யாருக்கோ இருக்கிறது, இவருக்கு இல்லை என்று அவளுக்குள் ஒரு குரல் சொல்லியது.

அந்தக் குரலுக்குத் தீனி போட ரங்கம்மாள் இருந்தாள்.

"பீபிம்மா, சொன்னா பேஜாராப் பூடும். சொல்லாம இருக்கவும் முடியல."

"சொல்லித் தொலை."

"சாயபு தெனம் சாயங்காலம் அஃப்ஸர் ஜஹான் வீட்டு வாசல்லதான் குந்திகினு இருக்காரு."

அஃப்ஸர் ஜஹான் அத்தர் வியாபாரியின் விதவை. புருஷன் போன பிறகு வீட்டு முன்னறையில் மூங்கில் தட்டி மாட்டி, அதற்குப் பின்னால் உட்கார்ந்து வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்துகிறவள். அவள் முகத்தைப் பார்த்த ஆண் ஊரில் கிடையாது. அதனாலேயே அவள் அழகி என்று ஊர் முழுக்கப் பேச்சு.

"இன்னா பண்றாரு அங்க?"

"கைக்குட்டையில என்னமோ மடிச்சு எடுத்தாந்து தட்டிக்குள்ள நீட்டுறாரு. அந்தம்மா வாங்கிப் பாத்துட்டு எதையோ சொல்லுது. அப்புறம் பஞ்சுல அத்தர் தோய்ச்சு இவர்கிட்ட நீட்டுது. இவரு மூக்குல வெச்சிகினு கண்ண மூடிக்கிறாரு, பீபிம்மா. ரொம்ப நேரம்."

ரங்கம்மாள் கண்ணை மூடிக் காட்டியிருப்பாள். சகீனாவுக்கு அது தெரியவில்லை; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அன்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வெளியே போய்த் திரும்பிய பாஷாவின் சட்டைக் கையில் தாழம்பூ அத்தர் மணத்தது. மறுநாள் ரோஜா. அதற்கடுத்த நாள் கஸ்தூரி, தெருமுனையிலேயே வரவு சொல்லியது. திருட்டுத்தனம் பண்ணுகிறவன் கொஞ்சம் கம்மியாகப் பூசிக்கொண்டு வர மாட்டானா? இந்த மனுஷனுக்கு அந்த வெட்கம்கூட இல்லை என்று சகீனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து நடந்ததுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு காலை வேளையில் சமையற்கட்டு வாசலில் நின்று தோட்டத்தைப் பார்த்தாள். பாஷாவின் வெள்ளை ஜிப்பா மட்டும் மசமசவென்று தெரிந்தது. அது தடுமாறிக்கொண்டே போயிற்று. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கால் தரையைத் துழாவுகிற சரசரப்போடு, கிணறு வரை போய், அதே மாதிரி திரும்பி வந்தது. வழியில் ஒரு கல் தட்டிய சத்தம் கேட்டது. அந்த வெள்ளை குனிந்து நிமிர்ந்தது, கல் வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

அவள் தடவித் தடவி நடக்கிறதை அப்படியே நடித்துக் காட்டுகிறார்! சகீனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது இவருக்கு. குருட்டுப் பெண்டாட்டியைக் கேலி பண்ணிக்கொண்டு, வாசனைக்காரிக்கு ஏற்ற மாதிரி தோட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒத்தாசைக்கு ஆள் வரப்போகிறது. நேராகக் கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்து அஃப்ஸர் ஜஹான் தன் மகளின் பிரசவத்துக்காக வேலூர் போய்விட்டாள். பாஷா திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போய், மகளையும் பார்த்துவிட்டு, ஒரு கூடை நாற்றோடு வந்தார். "இது காட்டு மரிக்கொழுந்தாம். இன்னும் ஜாஸ்தி மணமாம், சந்தைக்காரன் சத்தியம் பண்ணான்" என்று சொல்லிக் கிணற்றடியிலேயே நட்டார். ஆட்டெரு போட்டார், நிழல் கட்டினார், பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டார். செடியும் மளமளவென்று புதராக வளர்ந்தது.

வளர வளர நாறியது. சும்மா நாற்றமில்லை, குடலைப் புரட்டுகிற நாற்றம். சேலை முந்தானை உரசினால் போதும், குளித்துவிட்டு வந்தாலும் போகாது. ரங்கம்மாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தண்ணீர் இறைத்தாள். "இது பீநாறி, பீபிம்மா. ஏரிக்கரையில மாடுகூட வாய் வெக்காது இத" என்றாள். பாஷாவோ தினமும் அந்தப் புதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முகம் மலர்ந்து, "கிணத்தடிக்குப் போனா எப்படி இருக்குது சகீனா? மணம் புடிச்சிருக்குதா?" என்று கேட்பார். ஒரு தடவை இல்லை, தினமும். ஒருவரை வீட்டை விட்டு விரட்ட இதைவிட நேரான வழி இருக்க முடியுமா? சகீனா பொறுத்தாள், பொறுத்தாள், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர் மறுபடி அதையே கேட்டபோது பொறுமை அறுந்துபோயிற்று.

"அவளுக்கு மரிக்கொழுந்து, எனக்குப் பீநாறியா? நேரா சொல்லுங்க, நான் மக வீட்டுக்குப் போய்ட்றேன்!"

"எவளுக்கு? என்னா பீநாறி?"

"நடிக்காதீங்க. கிணத்தடியே நாறிக் கெடக்குது. தெருவே மூக்கப் புடிச்சிக்கினு போவுது. உங்களுக்கு மட்டும் தெரியாதா?"

பாஷா புதரருகே போய் ஒரு கொத்து இலையைப் பறித்தார். கசக்கினார். மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். நாற்றம் சகீனா நிற்கிற இடத்துக்கு வந்து அவளுக்குக் குமட்டியது. அவர் மறுபடி இழுத்தார். மறுபடியும்.

"தெரியல, சகீனா."

"இன்னா தெரியல?"

"எனக்கு மூக்கு இல்ல. வாசனையும் தெரியாது, நாத்தமும் தெரியாது. சின்னப் பையனா சுண்ணாம்புக் குழிக்குப் போனப்பவே போய்டுச்சு. நம்ம நிக்காஹுக்கு முன்னாடியே."

சகீனாவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, ஒவ்வொன்றாக. எந்தக் குழம்புக்கும் இன்னும் காரம், இன்னும் உப்பு என்று கேட்டது. கஸ்தூரியை அப்படிக் கொட்டிக்கொண்டு வந்தது.

"தெனம் சாயங்காலம் தலையில மல்லிப்பூ வெச்சிருந்தேனே. மணக்குது மணக்குதுன்னு சொன்னீங்களே, இத்தினி வருஷமா?"

"பாத்துத்தான் சொன்னேன்."

"அந்த அஃப்ஸர் ஜஹான்?"

"நான் நடுற செடி நெசமாவே மணக்குதான்னு யாருகிட்டயாச்சும் கேக்க வேணாமா? இலையக் கொண்டுபோய்க் காட்டுவேன். அந்தம்மாதான் பாவம், எதாச்சும் ஒரு அத்தராவது என் மூக்குல ஏறுதான்னு ஒண்ணொண்ணா குடுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் ஏறல. அவங்க வேலூர் போனப்பதான் சந்தைக்காரன நம்பி ஏமாந்துட்டேன்."

"அவளுக்கு வயசு எத்தினி?"

"தட்டிக்குப் பின்னால இருக்கறவங்க வயசு எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தப் பதிலில் சகீனாவுக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"மூக்கில்லாத மனுஷனுக்கு எதுக்கு வாசனைத் தோட்டம்?"

"உனக்குத்தான். புதினா வாசனை வந்தா படி. சப்ஜான்னா கொடி. மரிக்கொழுந்துன்னா கிணறு வந்தாச்சு, நில்லு. வழியில கல்லு இருக்குதான்னு கண்ண மூடிக்கினு நானே நடந்து பாத்துட்டேன்." அவர் சற்று நிறுத்தினார். "போன பக்ரீத் பெருநாளுக்குக் குல்லா கேட்டப்ப நீ அடுப்புத் துணிய எடுத்துக் குடுத்தியே. அன்னிக்கே தெரியும்."

"அப்பவே கேக்கறதுக்கின்னா?"

"நீ மறைச்சே. மறைக்கறவங்களுக்கு ஒரு காரணம் இருக்கும். எனக்குத் தெரியாதா அது?"

சகீனா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். ஒத்தாசைக்கு யாரும் வரவில்லை. அந்த நிம்மதியில் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஆத்திரமும் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கண்புரை எடுக்கிறார்களாம், போகலாம் என்று அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் ஏறவில்லை.

"நீங்க எதுக்கு மறைச்சீங்க?"

பாஷா கையிலிருந்த இலையைக் கீழே போட்டார்.

"தோல் ஷாப்புலேர்ந்து வர்றவன். மேல நாத்தம் அடிக்குதா இல்லையான்னு எனக்கே தெரியாது. தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்பேன். போச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? உள்ள வந்ததும் உன் மூஞ்சியப் பாப்பேன். நீ சுளிக்கல. சரி, இன்னிக்கும் போய்டுச்சுன்னு நெனச்சுக்குவேன். எனக்கு மூக்கு இல்லன்னு சொல்லியிருந்தா நீ ஜாக்கிரதையா இருந்திருப்பே, மூஞ்சிய நம்ப முடியாமப் போயிருக்கும்." குரலை இறக்கிக் கேட்டார். "நீ ஒரு நாளும் சுளிச்சதில்ல. நான் நாறலதான, சகீனா?"

சகீனா அவர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். அங்கே ஒரு வெள்ளை மூட்டம்தான் இருந்தது. புதுப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஒரு பொய் சொல்லிவிடலாம். சுலபமான பொய், மூக்கில்லாத மனுஷன், கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் இரண்டு பேருமாக இதுவரை மறைத்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நாறினீங்க. ஒரு நாள் விடாம நாறினீங்க."

பாஷா தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமே, சகீனா. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வெளியவே உக்காந்திருப்பீங்க," என்றாள் அவள். "வீட்டுக்குள்ள வந்திருக்க மாட்டீங்க."