ஆள் பார்க்க வந்தவரிடம் வெர்னா சொன்னது

வெர்னா ஹோல்ட்ஸின் வீட்டில் இரண்டு பேர் சாப்பிடுவது கோடையில் மட்டும்தான். புருஷன் போய் ஒன்பது வருடமாகிறது. பிள்ளை குட்டி கிடையாது. அயோவாவின் அந்த ஆற்றங்கரை ஊரில் பேஸ்பால் அணிக்கென்று விடுதி எதுவும் இல்லை. வெளியூர் ஆட்டக்காரர்களை ஊர்க்காரர்களே ஆளுக்கொருவராகத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். வெர்னாவும் வருடத்துக்கு ஒருவனை வைத்துக்கொள்வாள். மற்ற எட்டு மாதமும் அவளுக்குத் தொலைக்காட்சியோடுதான் பேச்சு.

இந்த வருடம் வந்தவன் டேரியஸ் பூன். ஜார்ஜியாக்காரன், இருபத்தொரு வயது. மைதானத்தின் இடது கோடியில் நின்று, உயரே வரும் பந்தை ஓடிப் பிடிப்பதில் கெட்டிக்காரன். மட்டையைக் கையில் எடுத்தால்தான் வினை. ஜூன் முழுக்கக் காற்றைத்தான் அடித்தான். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் காலை முட்டையைத் தின்றபடி, தோற்ற ஆட்டத்தைப் பந்து பந்தாக அவளிடம் சொல்வான். அந்த அரை மணி நேரத்துக்காகவே அவள் சீக்கிரம் எழுந்துவிடுவாள்.

ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. அவனை வேறு அணிக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு நல்ல பந்து வீச்சாளன் ஒருவனை வாங்குவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று உள்ளூர் வானொலியில் தினமும் பஞ்சாயத்து. மைதானத்தில் வெர்னாவுக்குப் பின் வரிசையில் உட்காரும் ஓர்வில் சும்மா இருப்பானா?

"வெர்னா, உன் வீட்டுப் பையன் கையில மட்டைக்குப் பதிலா விசிறியக் குடு. நமக்காவது காத்து வரும்."

"மூணு வருஷமா உன் வீட்டுக் கூரைய சரி பண்ணப்போறேன்னு சொல்லிட்டிருக்கே. உன்னைத் தள்ளிவிட்டா எவன் வாங்குவான்?"

ஒரு சனிக்கிழமை, கான்சஸ் அணிக்கு ஆள் பார்க்கும் மனிதர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒருவனுடைய அடி எப்படி என்பதை இப்படி ஆள் பார்க்க வருகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். குணம் எப்படி என்பதை, சமைத்துப் போடுகிறவளிடம்தான் விசாரிப்பார்கள்.

"மட்டைய வீசும்போது தோளைச் சீக்கிரம் இறக்கிடுறான், அவ்வளவுதாம்மா அவன் குறை. எங்க பயிற்சியாளர் ஒரு மாசத்துல சரி பண்ணிடுவார். வீட்ல எப்படி? சொன்னா கேட்டுக்குவானா?"

தங்கமான பையன் என்று சொன்னால் திங்கட்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வெர்னா மைதானத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"நல்லவன்தான். ஆனா யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்க மாட்டான்."

அவர் குறிப்பேட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். வெட்கமாகவும் இருந்தது. முப்பது வருடம் ஆட்டம் பார்த்தவளுக்கு ஒன்று மட்டும் உறைக்கவில்லை: பதிலுக்கு ஆள் கொடுத்து வாங்க யாரும் முன்வராதவனை, அவனுடைய அணியும் வைத்துக்கொள்ளாது.

வெள்ளிக்கிழமை மதியம் டேரியஸ் தன் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

"எந்த அணிக்குப்பா?"

"எந்த அணியும் இல்ல மேடம். வீட்டுக்குத்தான். நீக்கிட்டாங்க. யாருமே என்னைக் கேக்கலையாம்." பையின் வாயை இழுத்து மூடினான். "கான்சஸ்காரர் ஒருத்தர் உங்க பக்கத்துல உக்காந்திருந்தாரே, ஏதாவது சொன்னாரா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"தோளைச் சீக்கிரம் இறக்கிடுறியாம். ஒரு மாசத்துல சரி பண்ணிடலாம்னார். சொன்னா கேட்டுக்குவியான்னு கேட்டார். கேக்க மாட்டான்னு சொல்லிட்டேன்."

"நீங்க எது சொல்லி நான் கேக்கல?"

"எல்லாம் கேட்டே. நீ போயிடுவியேன்னுதான் அப்படிச் சொன்னேன்."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான். பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நிறுத்தம் எதிர்ச்சாரியில்தான், நிழல்கூடக் கிடையாது. சுட்டெரிக்கும் ஜூலை வெயிலில், வெர்னாவின் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, அந்த இரண்டு மணி நேரமும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.