காப்பிக்குக் கட்டிய சிவப்புத் துணி

உடன்குடி அய்யாக்குட்டி ஜெயித்தவை கொஞ்சமல்ல. சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்து இடது கால் நாலு விரற்கடை குட்டையானபோது, இனி இவன் உட்கார்ந்து ஓலைதான் முடைய வேண்டும் என்றார்கள். அவன் லாரி ஓட்டப் போனான். கிளச்சுக்குக் கால் எட்டாது என்றார்கள். பூவரசங்கட்டை ஒன்றைச் செதுக்கி மிதியின் மேல் வைத்து, இரும்புப் பட்டையால் இறுக்கிக்கொண்டான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு லைசென்ஸா என்று சிரித்தார்கள்; கைநாட்டு வைத்தே வாங்கினான். ஐப்பசி மழையில் ஆத்தூர்ப் பக்கம் சாலை முங்கிக் கிடந்தபோதும், ஒரு சிப்பம் கருப்பட்டிகூட நனையாமல் தூத்துக்குடியில் கொண்டு சேர்த்தான். லைசென்ஸ் பறிபோனபோது, ஒரு வருஷம் அடுத்தவன் வண்டிக்குச் சாக்கு தூக்கி, அதை இரண்டாம் முறையும் வாங்கினான்.

அது பறிபோன கதைதான் இது.

யுத்தம் வந்து பெட்ரோல் ரேஷனான பிறகு, லாரிகள் கரியில் ஓடத் தொடங்கின. வண்டியின் பின்பக்கம் ஆளுயர இரும்பு டிரம் ஒன்று நிற்கும். அதில் அடுப்புக்கரியை நிரப்பித் தீ மூட்டி, காற்றாடியைக் கையால் சுற்றிச் சுற்றிக் கனலேற்றினால் கேஸ் கிளம்பும். குழாய் வழியாக அது இஞ்சினுக்குப் போகும். சில நேரம் உள்ளே சாம்பல் கட்டிக்கொண்டு வண்டி நின்றுவிடும். அப்போது மேல்மூடியைத் திறந்து கம்பியால் குத்திவிட வேண்டும். மூடியைத் திறந்த நொடியில் காற்றுப் பட்டு, தீ குபீரென்று வெளியே பாயும். அதனால் டிரைவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மூடியில் கை வைக்குமுன் வண்டியின் பின்னால் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். துணியைக் கண்டால் யாரும் கிட்டே வரக்கூடாது. போலீஸ்காரரும் வண்டியை எடு என்று விரட்டமாட்டார், நின்றுபோன வண்டி எப்படி நகரும்.

அய்யாக்குட்டியின் துணியை அவன் அக்கா முத்துக்கனி தைத்துக் கொடுத்தாள். மூன்றாம் வகுப்புவரை படித்தவள். அந்த வீட்டில் எழுத்தறிந்தவள் அவள் ஒருத்திதான். ஓரம் பிரியாமல் இரட்டைத் தையல் போட்டு, நாலு மூலையிலும் நாடா வைத்திருந்தாள். ஞாயிறு தோறும் அதை அவளே துவைத்துக் காயப்போடுவாள்.

தூத்துக்குடி மார்க்கெட்டை ஒட்டிய தெரு குறுகலானது. அங்கே லாரி நிறுத்தக்கூடாது என்று உத்தரவு. பேட்டையில் சரக்கை இறக்கிவிட்டு, கடற்கரைப் பொட்டலில்தான் வண்டியை விட வேண்டும். பொட்டலிலிருந்து செல்வதுரை அண்ணாச்சியின் காப்பிக்கடைக்கு நடந்து வருவதென்றால், குட்டைக்கால்காரனுக்கு இடுப்பு விட்டுப்போகும். ஒருநாள் வலி தாங்கவில்லை. கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.

ஏட்டு ஜெபசிங் வந்தார், துணியைப் பார்த்தார், போய்விட்டார்.

இவ்வளவு சுலபமா என்று இருந்தது அவனுக்கு. மறுநாள் வலி இல்லை. ஆனாலும் கட்டினான்.

அப்புறம் அதுவே வாடிக்கையாயிற்று. அவனைப் பார்த்து மற்ற டிரைவர்களும் பழகினார்கள். சவரத்துக்கு ஒருவன் கட்டினான், வெற்றிலை வாங்க ஒருவன் கட்டினான். தெருவில் எந்நேரமும் ஒரு சிவப்புத் துணி தொங்கியது.

"என்னவே, இன்னைக்கும் மக்கரா?" என்பார் ஏட்டு.

"ஆமா ஏட்டையா. கரி ஈரம்."

"காப்பிக்கடை வாசலுக்கு வந்தாத்தான் ஒம்ம கரி ஈரமாவுமோ?"

கடைக்குள் சிரிப்பு எழும். "ஏட்டையாவுக்கும் ஒரு காப்பி போடுங்க அண்ணாச்சி" என்பான் அய்யாக்குட்டி. ஏட்டும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கார்த்திகை பிறந்து ஊதக்காற்று வீசத் தொடங்கியதும், தெருமுனையில் கருவாடு விற்கும் பிலோமி ஒன்றைக் கண்டுகொண்டாள். மூடி திறக்காத டிரம் நல்ல கணப்பு. துணி கட்டியிருந்தால் லாரி இப்போதைக்கு நகராது.

"ஏளா, துணி கட்டிட்டான், வாங்க!" என்று மற்ற பெண்களையும் கூப்பிடுவாள். மழையில் நனைந்த கைகளை நீட்டிக்கொண்டு நாலைந்து பேர் டிரம்மைச் சுற்றி நிற்பார்கள்.

"டிரைவரே, நீ உள்ள சூடேத்து, நாங்க வெளிய சூடேத்துதோம்" என்பாள் பிலோமி.

அய்யாக்குட்டிக்கு அதில் பெருமைதான். என் வண்டியால் நாலு பேருக்குக் குளிர் விடுகிறதே என்று கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். விலகிப் போ என்று சொல்ல வேண்டிய துணி வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவன் புத்திக்கு எட்டவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், தூறலில், அதே கடை வாசலில் லாரி உண்மையாகவே நின்றுபோனது. சாம்பல் அடைப்பு. அய்யாக்குட்டி துணியைக் கட்டினான். கம்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படியில் ஏறினான்.

பிலோமி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"யக்கா, வராத. இன்னைக்கு நெசமாவே மூடியத் தொறக்கேன்."

"ஆமாமா, நெசந்தான். போ, காப்பி ஆறிரும்."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போயிருப்பாள் என்று நினைத்தான். திரும்பிப் பார்க்கவில்லை. மூடியைத் தட்டித் திறந்தான்.

தீ பக்கவாட்டில் பாய்ந்தது. அலறல் கேட்டுக் குதித்தான், குட்டைக்கால் மடங்கி விழுந்தான், எழுந்தான். பிலோமியின் முந்தானை எரிந்துகொண்டிருந்தது. வெறுங்கையால் அடித்து அணைத்தான். அவன் இடக்கை கொப்பளித்துப்போயிற்று. அவளுக்கோ வலக்கை, முழங்கைவரை வெந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனபோது, அவள் வைவாள் என்று எதிர்பார்த்தான். வைதால் தேவலை என்றும் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "டிரைவர் மேல தப்பில்ல. துணி கட்டித்தான் இருந்தாரு, வராதன்னும் சொன்னாரு. மாதா புண்ணியத்துல மூஞ்சி தப்பிச்சுது." அவனைக் கண்டதும், "என் கருவாட்டுக் கூடைய யாரு எடுத்து வச்சா?" என்று கேட்டாள். தராசு பிடிக்கும் விரல்கள் இனி மடங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. அவன் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை அவளால் உரிக்க முடியவில்லை. அவன் ஒற்றைக் கையால் உரித்தான். அங்கே உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டான்.

ஏட்டு ஜெபசிங் வாக்குமூலத்தை எழுதித் தயாராக வைத்திருந்தார். படித்தும் காட்டினார். 'சிவப்புத் துணி கட்டியிருந்தும், எச்சரித்தும், மேற்படி பெண் கவனக்குறைவாக அருகில் வந்ததால்...'

"லைசென்ஸுக்கு ஒண்ணும் வராது. ஒன்னய காப்பாத்தத்தான் எழுதிருக்கேன். கைநாட்டு வை."

அய்யாக்குட்டி இடக்கையைத் தூக்கிக் காட்டினான். கைநாட்டு வைக்கும் இடது பெருவிரல் கட்டுக்குள் இருந்தது.

"சரி, கட்டு அவுத்ததும் வா" என்றார் ஏட்டு.

தெருவில் இறங்கியபோது, விரல் வெந்ததற்காக அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

வீட்டில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முத்துக்கனி துணியைத் துவைக்க எடுத்தாள். விரித்துப் பார்த்தவள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏலே, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். இதுல கரிக் கறை இருந்தாச் சரி. காப்பிக் கறை எப்படிலே வந்துச்சு?"

காப்பி குடித்துவிட்டு வந்து அதில் வாய் துடைப்பது அவன் வழக்கம். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். பிலோமி சிரித்ததையும், தானும் சிரித்ததையும் சொன்னான்.

"ஏட்டையா எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லக்கா. அதான் தொண்டைக்குள்ள நிக்கி."

"கைநாட்டு வைக்காட்டா என்ன ஆவும்?"

"லைசென்ஸ் போவும்."

முத்துக்கனி துணியை மடித்துக் கீழே வைத்தாள். தம்பி ஏறாத மரமில்லை, ஓட்டாத சாலையில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்.

"என் பேரை எழுதிக் காட்டு" என்றான் அவன். "விரலு ஆறுத வரைக்கும் இருந்தா, நான் ஏட்டையா எழுதினதுலயே நாட்டிட்டு வந்துருவேன். எனக்கு என்னயத் தெரியும்."

அவள் ஒரு கரித்துண்டால் தரையில் எழுதினாள். அவன் அதன் கீழே எழுதினான். கிளச்சு மிதித்துக் காய்த்த காலைவிட, எழுத்துக்கு வளையாத கை அதிகம் படுத்தியது. தரை, அம்மியடி, லாரியின் டிரம் என்று கண்ட இடமெல்லாம் அவன் பேர் கோணிக்கொண்டு நின்றது.

கட்டு அவிழ்க்குமுன்பே ஸ்டேஷனுக்குப் போனான்.

"துணி மூணு மாசமா காப்பிக்குக் கட்டினது ஏட்டையா. அந்தப் பொம்பளையள டிரம்முக்குப் பழக்கிவிட்டதே நாந்தான். அவ கவனக்குறைவுன்னு எழுதாதீங்க. இதை எழுதுங்க."

ஏட்டின் பேனா நின்றது. "ஏலே, இதுல நானும்லா வருவேன்?"

"நான் குடிச்ச காப்பியத்தான் நான் சொல்லுதேன். நீங்க குடிச்சதை நீங்கதான் சொல்லணும்."

ஜெபசிங் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவன் சொன்னதை எழுதினார். மை டப்பாவைத் தேடி, பின் அவன் கட்டைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"பேனாவைத் தாங்க" என்றான் அய்யாக்குட்டி.

குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் ஏட்டு தேதி போட்டார்: 1944 ஜனவரி 11, செவ்வாய்க்கிழமை.