பனிமூட்டத்தில் பச்சை ஸ்வெட்டர்

வட்டக்கானல் விடுதியில் அறைச் சாவி கொடுப்பவர், காதில் எப்போதும் ஒரு மெல்லிய தூரிகையைச் செருகியிருப்பார். ஓய்வு கிடைத்தால் விரலளவு பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவார். கடைசியாகத் தீட்டியது தன் மனைவியை. பச்சை ஸ்வெட்டரில் பொத்தான்கூட இருந்தது.

வண்ணம் உதிராமலிருக்க அடிக்கும் வார்னிஷுக்கு நல்ல வெயில் வேண்டும். அங்கே தங்கியிருந்த நான் மறுநாள் ஊருக்குக் கிளம்புவதால், அதற்குள் எனக்குக் காட்டிவிட வேண்டும் என்று பனிமூட்டத்திலேயே அடித்துவிட்டார். ஈரம் பட்டுப் பொம்மை முழுக்க வெளுத்துப்போனது.

எனக்குச் சங்கடமாக இருந்தது. “இன்னொரு பூச்சு அடிச்சா தெளிஞ்சிருங்க,” என்றேன்.

பொம்மையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “இருக்கட்டுங்க. வெள்ளனே மஞ்சுக்குள்ள தோட்டத்துக்குப் போறப்ப இப்படித்தான் தெரிவா.”

மறுநாள் காலை பேருந்துக்கு நடக்கையில் பனிமூட்டத்துக்குள் ஒரு பச்சை ஸ்வெட்டர் எதிரே வந்தது. முகம் தெரியும் முன்பே வணக்கம் சொல்லிவிட்டேன்.