பதினொன்றரை மணிச் சங்கு

“மணி அடிச்சா நிறுத்தறதுக்குத்தான் ஓடறாங்க. வெளிய ஓடறதுக்கு ஒரு ஆளு இல்லீங்க!”

மதிவதனி வாயிலிருந்து இதைக் கேட்காமல் எங்கள் ஆய்வகத்தில் ஒரு நாளும் விடிந்ததில்லை. ‘நிறுத்தறதுக்கு’ என்னும்போது குரல் மாடி ஏறும். ‘இல்லீங்க’வில் தடதடவென்று இறங்கிவரும். கேன்டீனில் தோசை தாமதமானாலும் சரி, பேராசிரியர் கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போனாலும் சரி, பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். அவர் இல்லாதபோது நான் அந்தக் குரலில் சொல்லிக் காட்டினால், பேராசிரியர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, “போதும் மதி, நேத்தே சொல்லிட்டே” என்பார். விஷயம் மதிவதனிக்குத் தெரிந்தபோது கோபித்துக்கொள்ளவில்லை. “இழுவை பத்தலீங்க. மறுக்கா சொல்லுங்க பாக்கலாம்” என்று திருத்தினார்.

காங்கேயம் பக்கத்துக்காரர். அப்பா அங்கப்பன் எண்ணெய் ஆலைக் களத்தில் கொப்பரை உலர்த்துகிறவர். மகள் பொறியியல் முடித்து, புகை அலாரம் விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். மாட்டியவற்றை மறுவருடம் சோதிக்கப் போவதும் அவர் வேலைதான். ஒரு நூல் மில்லில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், ஒவ்வொரு கருவிக்கும் பாலித்தீன் கவர் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்குச் சாம்பிராணி போட்டபோது மூடியதாம். அப்போது மாசி மாதம்.

“எடுத்துப் போடலாமுங்களே?” என்று கேட்டிருக்கிறார்.

“எடுத்தா மறுக்கா கத்துமுங்களே அம்மணி!”

அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. நூல் மில்லில் காற்று முழுவதும் பஞ்சுத் தூசி. சாதாரணக் கருவிக்குத் தூசியும் புகையும் ஒன்றுதான், இரண்டுக்கும் அலறும். மதிவதனி கம்பெனியை விட்டு எங்கள் கல்லூரிக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தது அந்த ரப்பர் பேண்டால்தான். அவர் செய்த பெட்டிக்குள் இரண்டு நிற வெளிச்சங்கள் இருந்தன. பஞ்சுத்துகள் பெரியது, புகைத்துகள் மிகச் சிறியது. வெளிச்சம் ஒவ்வொன்றிலும் பட்டுச் சிதறுவதை வைத்துப் பெட்டி எது பஞ்சு, எது புகை என்று கண்டுபிடிக்கும். ஆய்வகத்தில் திரியைப் புகையவிட்டு, மின்விசிறி வைத்துப் பஞ்சைப் பறக்கவிட்டுச் சோதித்தோம். ஒரு தடவைகூட ஏமாறவில்லை.

அடுத்து அதை மாட்டிப் பார்க்க ஓடுகிற மில் வேண்டும். கோவையிலிருந்து பல்லடம், உடுமலைப்பேட்டை வரைக்கும் அலைந்தார். எங்கேயும் ‘முடியாது’ என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். “பண்ணிப்போடலாமுங்க, நோம்பி முடியட்டும்.” “நல்ல காரியமுங்க, பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறனுங்க.” மோர் கொடுத்து, கார் வரைக்கும் வந்து வழியனுப்பி வைத்தார்கள்.

சரி என்றவர் நஞ்சுண்டன் ஒருவர்தான். உடுமலை ரோட்டில் அவருக்கு ஒரு மில். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிப் பேசுவார். வெட்டுவதும் தெரியாது, வலியும் பிறகுதான் தெரியும். பெட்டிகள் மாட்டிய வாரமே மணி சும்மா அடித்தது. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஹாலுக்குள் ஈரக்காற்று அடிப்பார்கள். அந்த நீர்த்திவலை புகைத்துகள் அளவுக்கே இருந்தது. ஆய்வகத்தில் நாங்கள் தீயை வைத்தோம், பஞ்சை வைத்தோம், ஈரத்தை வைக்கவில்லை. மதிவதனி பெட்டியின் கணக்கை மாற்றினார். மறுபடி அடித்தது. பெட்டியின் கண்ணாடியில் பிசின் மாதிரிப் பஞ்சு ஒட்டியது, துடைத்தார். மறுபடி அடித்தது.

நஞ்சுண்டன் அறைக்குக் கூப்பிட்டார். “அம்மணி, இன்னொரு வாட்டி சும்மா கத்துச்சுன்னா பெட்டியெல்லாம் கழட்டி உங்க காருலயே ஏத்தி உட்டறனுங்க. காபி குடிச்சுட்டுப் போங்க.”

வேறு மில் இல்லை. கோடை முழுவதும் பெட்டிகள் அங்கே இருந்தால்தான் ஆராய்ச்சி முடியும். அதைவிட இன்னொன்று அவரை அரித்தது. பொய்யாக அடித்த ஒவ்வொரு மணியும் மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு பாடம் நடத்தியிருந்தது. “ஓடாதீங்கன்னு என்ற பெட்டியே சொல்லிக் குடுக்குதுங்க,” என்றார் எங்களிடம். அன்றைக்கு அந்த வாக்கியத்தில் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் அதைப் பேசிக் காட்ட முயலவில்லை.

பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முதல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மதிவதனி பெட்டிகளின் கண்ணாடி துடைக்க மில்லுக்குப் போயிருந்தார். அலாரப் பலகை இருப்பது வாசலை ஒட்டிய டைம் ஆபீசில். வருகைப் பதிவு, கேட் சாவி, ஷிப்ட் சங்கு எல்லாம் மோகன்குமார் என்பவர் பொறுப்பு. மதிவதனி அங்கே நின்றபோது மணி அடித்தது. முதல் அடி முடிவதற்குள் மோகன்குமார் விரல் அதை நிறுத்தும் பொத்தானில் இருந்தது.

“மேடம், உங்க கொழந்த மறுக்கா அழுவுதுங்க.”

“எந்தப் பெட்டிங்க?”

“கழிவுப் பஞ்சு ரூமுங்க.”

எந்திரங்கள் உறிஞ்சும் தூசியும் உதிரிப் பஞ்சும் குழாய் வழியாக வந்து குவிகிற அறை அது. மதிவதனி அங்கே நடந்துதான் போனார். ஓடவில்லை. அதைப் பிறகு அவரே சொன்னார்: “நானே நம்பலீங்க.” கதவில் பூட்டு. கழிவுப் பஞ்சும் காசாகும் என்பதால் சாவி முதலாளியிடம். முதலாளி உடுமலை சந்தைக்குப் போயிருந்தார். கதவு இடுக்கில் கண்ணை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. குழாயைத் தொட்டார். சூடு. ஆனால் அந்தக் குழாய் எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். மூக்கை வைத்தார். எண்ணெய் வாடை, ஈர வாடை, அதற்குள் வேறு ஏதோ ஒன்று. இருக்கிறதா இல்லையா என்று நிச்சயமில்லை.

இது ஈரம் என்றால் இன்றோடு எல்லாம் முடிந்தது. தீ என்றால் பஞ்சு உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிறது. அது காற்றைப் பிடித்துவிட்டால், குழாய் மேலும் விட்டத்தின் மேலும் படிந்த பஞ்சில் தாவுவதை எந்த மனிதக் காலும் முந்த முடியாது. ஆய்வகத்தில் அதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஹாலுக்குள் ஓடினார். “எல்லாரும் வெளிய போங்க! தீ!”

நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம்கள் போடும் இரைச்சலில் அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மெர்சி என்ற பெண் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டுச் சிரித்தாள். “மறுக்கா டெஸ்டிங்குங்களா மேடம்?”

“டெஸ்டிங் இல்லீங்க, நெசமாலும்!”

“போன வாட்டியும் நெசமாலும்னுதான் சொன்னீங்க.”

பக்கத்து ஃப்ரேமில் பழனியாத்தாள் அறுந்த நூலை ஒட்டியபடியே சொன்னார், “கண்ணு, நாங்க போயிட்டா நூலு ஆரு ஒட்டறது? உங்க பெட்டியா?” அதற்கும் அப்பால் நின்ற ஒடிசாப் பெண்கள், என்ன சொல்கிறார்கள் என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மதிவதனி டைம் ஆபீசுக்குத் திரும்பி ஓடினார். இந்தத் தடவை நிஜமாகவே ஓட்டம்.

“சங்க ஊதுங்க!”

“சங்குங்களா? அது ரெண்டு மணிக்குங்க. இப்ப மணி பதினொன்னரை.”

“ஊதுங்கங்கறேன்!”

“மொதலாளிய ஒரு வார்த்த கேட்டுப்போட்டு…”

“மொதலாளிகிட்ட நான் பேசிக்கறனுங்க. தள்ளுங்க!”

“மேடம், சங்கு வந்துங்க, சும்மா அப்படியெல்லாம்…” என்று மோகன்குமார் மரியாதையாக மறித்துக்கொண்டிருக்கும்போதே, மதிவதனி அவர் அக்குளுக்கடியில் கையை விட்டுச் சங்குப் பொத்தானை அழுத்தினார்.

உடுமலை ரோடு முழுவதும் கேட்டது.

ஹாலில் ஒரு கேள்வியும் எழவில்லை. செல்போனுக்கு உள்ளே தடை, கடிகாரமும் இல்லை. சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது. அடுத்த ஷிப்ட் வந்து பார்த்துக்கொள்ளும் என்று ஓடுகிற ஃப்ரேமை அப்படியே விட்டுவிட்டு, சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். தமிழ் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒன்றாக. “இன்னிக்குப் பொழுது மளார்னு போயிருச்சேக்கா” என்று ஒரு குரல். “உனக்கென்ன, எனக்கு இன்னும் பசியே எடுக்கல” என்று இன்னொரு குரல்.

மதிவதனி வாசற்கதவுக்கு ஓடிவந்தார். 

வரிசை நகரவில்லை. ஷிப்ட் முடிந்தால் கைரேகை வைக்க வேண்டும். ரேகை மெஷின் வாசற்கதவுக்கு உட்புறச் சுவரில் இருந்தது. முன்னால் நின்றவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் மொத்த ஹாலும் ஒருவர் பின் ஒருவராக, ஒழுங்காக, பொறுமையாக. வரிசையின் வாலுக்கும் கழிவுப் பஞ்சு அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

“ரேகை வேண்டாமுங்க, போங்க போங்க!”

“வெக்காமப் போனா அரை நாளு கூலி போயிருமுங்க மேடம்,” என்றார் பழனியாத்தாள். “நீங்க குடுப்பீங்களா?”

அப்போதுதான் வந்தது வாடை. இந்தத் தடவை சந்தேகமே இல்லை. மதிவதனி கழிவு அறைப் பக்கம் திரும்பினார். சுவருக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவிலிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. வரிசை முழுவதும் அதற்கு முதுகைக் காட்டி நின்றது.

கத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒன்று, நம்ப மாட்டார்கள். அல்லது நம்பி, எல்லோரும் ஒரே சமயத்தில் அந்த ஒற்றைக் கதவில் வந்து மோதுவார்கள்.

இரண்டு கையாலும் ரேகை மெஷினைப் பிடித்து இழுத்தார். ஆணி பெயர்ந்து, சுண்ணாம்பு கொட்டி, ஒயர் அறுந்து கையோடு வந்தது. அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். “எல்லாரும் இங்க வந்து வைங்க! வேப்ப மரத்துக்கிட்ட வாங்க! இங்கதான் ரேகை!”

வரிசை அப்படியே வெளியே வந்தது. கலையவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. ரேகை மெஷின் போகிற பக்கமெல்லாம் வளைந்து வளைந்து, வாசல் தாண்டி, லாரி நிற்கும் இடம் தாண்டி, வேப்ப மரத்தடிக்கு வந்து நின்றது. அறுந்த ஒயர் தொங்க, செத்துப்போன மெஷினில் நாலைந்து பேர் விரலும் வைத்துவிட்டார்கள்.

“மேடம், மெஷினுல டிக்கு வரலீங்களே?” என்றாள் மெர்சி.

அவள் கேட்டு முடிப்பதற்குள் கழிவு அறையின் கூரைத் தகடு ஒன்று படாரென்று எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹாலின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறமாயின. யாரோ உள்ளே ஓடிக்கொண்டே விளக்குப் போடுகிற மாதிரி இருந்தது. மோகன்குமார் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கடைசியாக வெளியே ஓடிவந்தார். பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார்.  ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ‘இருக்கறனுங்க’ வந்தது.  பழனியாத்தாள் தரையில் உட்கார்ந்து, தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு மதிவதனியின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தார். விடவே இல்லை.

தீயணைப்பு வண்டிகள் வந்து, சாயங்காலம் வரை தண்ணீர் அடித்தன. எந்திரங்களில் பாதி போயிற்று. ஆள் ஒருவருக்கும் காயமில்லை.

மறுநாள் நஞ்சுண்டன் மதிவதனியைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் புகை வாடை போகவில்லை. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

“உக்காருங்க அம்மணி. எத்தன ஊட்டு விளக்க அணையாமக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க. இந்தச் சென்மத்துல மறக்க மாட்டனுங்க.” சொல்லும்போது குரலில் வெண்ணெய் இல்லை. நிஜமாகவே சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். வெண்ணெய் வந்தது. “நாளைக்கு இன்சூரன்ஸ்காரங்க வாராங்க. உங்களையும் கேப்பாங்க. அலாரம் அடிச்சுது, ஆளுங்க வெளிய போனாங்க. இத மட்டும் சொல்லிப்போடுங்க, போதும். ரெண்டும் நெசந்தானுங்களே?”

“ரெண்டும் நெசமுங்க. நடுவுலதானுங்க பொய்யி.”

“அந்தச் சங்கு, ரேகை மெஷினு, பூட்டு, அதெல்லாம் எதுக்குங்க இப்ப? உங்க பெட்டி நெசமான தீய மொதல்ல கண்டுபுடிச்சுது. உங்களுக்கும் நல்ல பேருதானுங்க. மில்லு மறுக்கா ஓடட்டும், ஹாலு பூராம் உங்க பெட்டியவே மாட்டறேன். எத்தன வருசம் வேணும்னாலும் வெச்சுப் படிங்க. ஆரும் கழட்டச் சொல்ல மாட்டோமுங்க.”

மதிவதனி தேடி அலைந்தது எல்லாம் மேசைமேல் காபியோடு சேர்ந்து இருந்தது. அவர் காபியை எடுக்கவில்லை.

“நடந்தத நடந்தபடிதானுங்க சொல்லுவேன். பெட்டி கண்டுபுடிச்சுது. மணியும் அடிச்சுது. ஒருத்தரும் போகல. ஏன் போகலங்கறதுதானுங்க என்ற ஆராய்ச்சியே இனிமே.”

நஞ்சுண்டன் காபித் தம்ளரை ஓரமாக நகர்த்தினார். “அப்பொ எரியாம மிச்சமிருக்கற பெட்டிகள இன்னிக்கே எடுத்துக்கோங்க அம்மணி,” என்றார், அதே மரியாதையோடு. மதிவதனி எழுந்து கதவு வரைக்கும் போனதும், மனசு கேட்காத மாதிரி, “அப்பொ உங்க படிப்பு?” என்று கேட்டார்.

மதிவதனி கதவில் கையை வைத்தபடியே திரும்பினார்.

“படிப்பு போனா இன்னொரு மில்லு தேடிப் படிச்சுக்கறனுங்க சார். ஆனா அலாரம் கேட்டு எல்லாரும் வெளிய போனாங்கன்னு நான் சொல்லிப்போட்டா, அத நம்பி எங்கியோ ஒரு மில்லுல இதே மணிய மாட்டிப்போட்டு நிம்மதியா உக்காந்திருப்பாங்க. அங்க தீப்புடிக்கற அன்னிக்குச் சங்கு ஊதறதுக்கு நானும் இருக்க மாட்டனுங்க, நீங்களும் இருக்க மாட்டீங்க.”